வேந்தர் இல்லாத ஊரில் துணைவேந்தர்: பல்கலைக்கழகத் தலைமையின் வரலாறு, பகுதி 4

பல்கலைக்கழகத் தலைமையைக் குறிக்க இன்று வழங்கும் சொற்களில் பெரும்பாலானவை, தாம் பிறந்த காலத்தின் அதிகாரப் போராட்டம் ஒன்றைத் தம்முள் பொதிந்து வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் வேந்தர், துணைவேந்தர், புலத்தலைவர் என்றும், இலங்கையில் வேந்தர், உபவேந்தர், பீடாதிபதி என்றும் வழங்கும் பதவிகளில், அன்றாட நிர்வாகத்தையும் கல்விப் பொறுப்பையும் உண்மையில் சுமப்பவர் துணைவேந்தர். ஆயினும் அவருடைய பதவிப் பெயர் அவரை வேறொருவருக்குத் துணையானவர் என்றே சொல்கிறது. நிறுவனத்தின் மெய்யான தலைவருக்கு இந்த அடைமொழி எங்கிருந்து வந்தது என்பதும், அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் தொடங்கி யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும், வரலாற்றில் அவை பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலை அவிழ்க்க இத்தாலியின் பொலோன்யாவில் தொடங்கி, பாரிஸ், ஆக்ஸ்போர்டு, லண்டன் ஆகிய நகரங்களைக் கடந்து சென்னைக்கு வரவேண்டியிருக்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் 'யூனிவர்சித்தாஸ்' என்ற இலத்தீன் சொல் கல்விக்கூடத்தைக் குறிக்கவில்லை. ஒரே தொழிலையோ ஒரே நலனையோ உடையவர்கள் தமக்குள் உறுதிமொழி எடுத்துக்கொண்டு அமைத்த சங்கத்தை அது குறித்தது. நெசவாளருக்கும் வணிகருக்கும் இத்தகைய சங்கங்கள் இருந்தது போலவே கற்பவர்களுக்கும் கற்பிப்பவர்களுக்கும் சங்கங்கள் தோன்றின. சங்கம் என்றால் அதற்குத் தலைவர் வேண்டும். சங்கத்தின் உறுப்பினர் யாரோ அவர்களே தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது அக்காலத்தவர்க்கு விளக்கம் தேவைப்படாத நியதியாக இருந்தது. ஆகவே, பல்கலைக்கழகத் தலைமையின் தொடக்க வரலாற்றில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, சங்கம் யாருடையது என்பதே.

பொலோன்யாவில் அது மாணவர்களுடைய சங்கம். உரோமானியச் சட்டத்தையும் திருச்சபைச் சட்டத்தையும் கற்பதற்கு ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் இத்தாலியின் பிற நகரங்களிலிருந்தும் வந்த மாணவர்கள், சிறுவர்கள் அல்லர். பலர் முதிர்ந்த வயதினர், பதவியும் வருவாயும் உடையவர்கள். ஆனால் பொலோன்யாவின் குடியுரிமை இல்லாத அயலார் என்பதால், வாடகையிலும் வழக்கு மன்றத்திலும் அவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கவில்லை. அதனால் மலைக்கு அப்பாலிருந்து வந்தோர் ஒரு சங்கமாகவும், இப்பாலிருந்து வந்தோர் மற்றொரு சங்கமாகவும் திரண்டு, ஒவ்வொரு சங்கத்துக்கும் 'ரெக்டர்' எனப்படும் தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். 'வழிநடத்துபவர்' என்று பொருள்படும் இச்சொல் அக்காலத்துத் தொழிற்சங்கங்களிலும் நகர ஆட்சியிலும் புழங்கிய ஒன்று. உள்ளூர் மாணவர்களுக்கு நகரத்தின் சட்டமே பாதுகாப்பாக இருந்ததால் அவர்களுக்கு இச்சங்கத்தில் வாக்குரிமை இல்லை, ஆசிரியர்களுக்கும் இல்லை.

ரெக்டராகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் மாணவராகவே இருக்கவேண்டும், குறைந்தது ஐந்தாண்டு சட்டம் பயின்றிருக்கவேண்டும், மணமாகாதவராகவும் துறவற சபை எதிலும் சேராத திருச்சபைப் பணியாளராகவும் இருக்கவேண்டும் என்று விதிகள் வகுத்தன. இறுதி நிபந்தனைக்குச் சமயப்பற்று மட்டும் காரணமன்று. உறுப்பினர்களுள் பலர் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். திருச்சபையைச் சேர்ந்தவர் மீது பொதுநிலையினர் நீதி செலுத்த அக்காலச் சட்டம் இடம் தரவில்லை. எனவே அனைவர் மீதும் அதிகாரம் செல்லக்கூடியவரே தலைவராக முடிந்தது. முன்னாள் ரெக்டர்களும், ஒவ்வொரு நாட்டினர் குழுவின் சார்பில் வந்த ஆலோசகர்களும், இதற்கெனத் தனியே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளும் கூடி இரகசிய வாக்களிப்பால் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இவ்வாறு தேர்ந்த மாணவருக்குப் பேராசிரியர்கள் கீழ்ப்படிவதாக உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. மணி அடித்த பின் வகுப்பைத் தொடங்கினால் தண்டம், முடிவு மணிக்குப் பின்னும் பேசிக்கொண்டிருந்தால் தண்டம். ஒரு நாள் விடுப்புக்கும் அனுமதி பெறவேண்டும். ஊரைவிட்டுச் செல்வதானால் திரும்பி வருவதற்கு ஈடாகப் பணம் கட்டிவிட்டுச் செல்லவேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மாணவர் வகுப்புக்கு வராவிட்டால் ஆசிரியரே வராததாகக் கொண்டு தண்டம் விதிக்கப்பட்டது. இவற்றைக் கண்காணித்து ரெக்டரிடம் தெரிவிக்க மாணவர்களிடையே இரகசியமாகச் சிலர் நியமிக்கப்பட்டிருந்தனர். இந்த ஏற்பாட்டை மாணவர் ஆட்சியின் பொற்காலம் என்று புகழ்வோரும் உண்டு. ஆனால் ஆசிரியரின் கூலியைக் கையில் வைத்திருந்தவர்கள் மாணவர்கள் என்ற ஒரே உண்மையிலிருந்து இவ்வளவும் கிளைத்தது என்பதை மறந்துவிட்டால் அதன் தோற்றமும் புரியாது, வீழ்ச்சியும் புரியாது. மேலும், பட்டம் பெறத் தகுதியுடையவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் தேர்வு மட்டும் முதலிலிருந்தே ஆசிரியர் குழுவிடம் இருந்தது. மாணவர் சங்கம் எவ்வளவு வலிமை பெற்றபோதும் அந்த உரிமையைக் கைப்பற்றவில்லை.

வீழ்ச்சி ஊதியத்தின் வழியாகவே வந்தது. 1280இல் கார்சியாஸ் என்ற ஸ்பானியத் திருச்சபைச் சட்ட அறிஞருக்கு ஆண்டுக்கு 150 லிப்ரா தர நகர ஆட்சி ஒப்புக்கொண்டது. யாரை அமர்த்துவது என்பதை மாணவர்கள் முடிவு செய்ய, பணத்தை நகரம் கொடுத்தது. தொடக்கத்தில் இது மாணவர்களுக்குச் சாதகமாகவே தோன்றியிருக்கும். ஆனால் பணம் கொடுப்பவர் நெடுநாள் வெறும் பணம் கொடுப்பவராக மட்டும் இருப்பதில்லை. நகரத்தின் ஊதியம் பெறும் ஆசிரியர் தொகை பெருகப் பெருக, அவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் நகர ஆட்சி அமைத்த குழுவுக்கு மாறியது. ரெக்டர் பதவியோ விருந்துகளும் ஊர்வலங்களும் நிறைந்த பெருஞ்செலவுப் பதவியாகி, அதை ஏற்க ஆள் கிடைப்பதே அரிதான நிலைக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தது.

பாரிஸில் சங்கம் ஆசிரியர்களுடையது. அங்கு இறையியல், திருச்சபைச் சட்டம், மருத்துவம் ஆகிய மூன்றும் உயர்புலங்களாகவும், அவற்றுக்கு ஆயத்தமாக அமைந்த கலைப்புலம் கீழ்ப்புலமாகவும் கருதப்பட்டன. புலம் என்பது ஒரே துறையைக் கற்பிக்கும் ஆசிரியர்களின் தொகுதி. கலைப்புலத்து ஆசிரியர்கள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள், வயதில் இளையவர்கள். பிரெஞ்சு, நார்மன், பிக்கார்டு, ஆங்கில நாட்டினர் என நான்கு பிரிவுகளாக அமைந்து, பிரிவுக்கு ஒருவராக நால்வரை அனுப்பி ரெக்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக்காலம் வியப்பூட்டும் அளவுக்குக் குறுகியது. ஒரு மாதமோ ஆறு வாரமோ என்றிருந்ததை, பின்னர் நான்காம் மார்ட்டின் என்ற பெயரில் போப்பாண்டவராக விளங்கிய சிமோன் தெ பிரியோன், போப்பின் தூதராக இருந்தபோது 1266இல் ஏறக்குறைய மூன்று மாதமாக நீட்டினார். எவரும் வேரூன்றிவிடக் கூடாது என்ற அச்சமே இந்தக் குறுகிய காலத்துக்குக் காரணம் என்று கொள்ளலாம். கீழ்ப்புலத்தின் தலைவரான இவரே 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பல்கலைக்கழகம் முழுவதற்கும் தலைவராக ஏற்கப்பட்டார் என்பதும், மூத்த இறையியல் அறிஞர்கள் இளைய கலையாசிரியர்கள் தேர்ந்தெடுத்தவரின் தலைமையை ஏற்க நேர்ந்தது என்பதும் பாரிஸ் வரலாற்றின் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்திகள்.

உயர்புலங்களின் தலைவர்களுக்கு 'டீன்' என்ற பெயர் அதே நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைபெற்றது. இன்று தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரித் தலைவரை மக்கள் டீன் என்றே அழைக்கிறார்கள். அச்சொல்லின் வேர் 'பத்து' என்று பொருள்படும் இலத்தீன் சொல். உரோமானியப் படையில் பத்துப் பேருக்குத் தலைவன் 'தெகானுஸ்'. அங்கிருந்து அது கிறித்தவ மடங்களுக்குச் சென்றது. புனித ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் வகுத்த மடத்து ஒழுங்குவிதி, துறவியர் சிலருக்கு ஒருவராக அமையும் இத்தகைய மேற்பார்வையாளர்களை, மடத்தில் சேர்ந்த வரிசைப்படி அமர்த்தாமல், ஒழுக்கமும் அறிவும் நோக்கியே அமர்த்தவேண்டும் என்று கூறுகிறது. மூப்பா தகுதியா என்ற வழக்கு, பல்கலைக்கழகங்கள் தோன்றுவதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட விதியொன்றில் தீர்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆயினும் அதே சொல்லைக் கடன் வாங்கிய பாரிஸ் இறையியல் புலம், துறவற சபை சாராத ஆசிரியர்களுள் மூத்தவரையே டீனாகக் கொண்டது.

மருத்துவப் புலம் வேறு வழியில் சென்றது. அங்கு நாளடைவில் நிலைபெற்ற முறையில், மூத்த ஆசிரியர் பெயர்கள் ஒரு கலத்திலும் இளைய ஆசிரியர் பெயர்கள் மற்றொரு கலத்திலும் இடப்பட்டு, முன்னதிலிருந்து மூவரும் பின்னதிலிருந்து இருவரும் சீட்டுக் குலுக்கித் தேர்வாளர்களாக எடுக்கப்பட்டார்கள். அந்த ஐவரும் தனியே சென்று டீன் பதவிக்குத் தகுந்த மூவரின் பெயர்களைத் தெரிவு செய்ய, அம்மூன்றில் ஒன்று மீண்டும் சீட்டாக எடுக்கப்பட்டது. குடவோலையை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் உட்பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. தகுதியை ஆராய மனித அறிவும், கட்சி கட்டுவதை முறியடிக்கத் தற்செயலும் மாறி மாறிப் பயன்படுத்தப்பட்ட இந்த முறை, பிற்காலத்தின் பல தேர்தல் முறைகளைவிட மனித இயல்பை நன்கு அறிந்தவர்களால் வகுக்கப்பட்டது என்றே சொல்லவேண்டும்.

ரெக்டரும் டீனும் சங்கத்தின் உள்ளிருந்து எழுந்த தலைவர்கள். வேந்தர் என்று தமிழில் வழங்கும் 'சான்சலர்' அப்படிப்பட்டவர் அல்லர். பேராலயத்தின் முத்திரையையும் ஆவணங்களையும் காக்கும் அலுவலரான அவர், பாரிஸில் ஆயரின் சார்பில் கற்பிக்கும் உரிமம் வழங்கும் அதிகாரத்தையும் வைத்திருந்தார். உரிமத்தை மறுப்பதும் அதற்குக் கட்டணம் கேட்பதும் அவர் கையில் இருந்ததால், ஆசிரியர் சங்கத்தின் முதல் பெரும் போராட்டமே அவருக்கு எதிராக நடந்தது. 1215இல் போப்பின் தூதர் ராபர்ட் தெ கூர்சோன் வகுத்த விதிகளும், 1231இல் ஒன்பதாம் கிரகோரி பிறப்பித்த ஆணையும் அவருடைய அதிகாரத்தைப் படிப்படியாகக் குறைத்தன. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் நிலைமை வேறாக இருந்தது. அவ்வூரில் அப்போது பேராலயம் இல்லை. ஆயர் வெகு தொலைவில் லிங்கன் நகரில் இருந்தார். 1214இல் போப்பின் தூதர் அளித்த ஆணையில் ஆயர் நியமிக்கும் சான்சலர் ஒருவரைப் பற்றிய பேச்சு வருகிறது. ஆனால் ஆயரின் கண் எட்டாத தொலைவில், ஆசிரியர்களிடையே வாழ்ந்த அந்த அலுவலர், ஒரு தலைமுறைக்குள் அவர்களுள் ஒருவராகவே ஆகிவிட்டார். ஆசிரியர்கள் தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, ஆயர் ஒப்புதல் அளிப்பது வழக்கமாயிற்று. அந்த ஒப்புதலும் தேவையில்லை என்று 1360களில் போப் ஐந்தாம் உர்பன் காலத்தில் முடிவாயிற்று. ஆயரின் ஆளாகத் தொடங்கிய பதவி, ஆசிரியர்களின் தலைமைப் பதவியாக மாறுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

இவ்வளவு நாள் முயன்று பெற்ற உரிமையை ஆசிரியர்கள் தாமே கைவிட்டதுதான் அடுத்த நூற்றாண்டின் கதை. 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசவையின் ஆதரவு இல்லாமல் ஒரு நிறுவனம் தன் நிலத்தையும் சலுகைகளையும் காத்துக்கொள்வது கடினமாகியிருந்தது. ஆகவே, தம்மிடையே வாழும் அறிஞரைவிட அரசவையில் செல்வாக்குள்ள ஒருவரைத் தலைவராகக் கொள்வது நலம் என்று ஆக்ஸ்போர்டு ஆசிரியர்கள் எண்ணத் தொடங்கினார்கள். 1453இல் அவர்கள் தேர்ந்தெடுத்த ஜார்ஜ் நெவிலுக்கு அப்போது வயது ஏறத்தாழ 21. அந்நாளின் மிகப் பெரிய பிரபுக் குடும்பங்களுள் ஒன்றில் அவர் பிறந்திருந்தார். 1484இல் லிங்கன் ஆயரும் மூன்றாம் ரிச்சர்டின் அரசில் உயர் அமைச்சருமான ஜான் ரசல் வேந்தரானார்; வேந்தர் வாழ்நாள் முழுதும் பதவியில் இருப்பதும், ஊரில் இல்லாமலேயே பதவி வகிப்பதும் அவரோடு நிலைபெற்றன. 1506இல் வந்த வில்லியம் வாராம் காண்டர்பரியின் பேராயர். கேம்பிரிட்ஜ் 1514இல் ஜான் ஃபிஷரை வாழ்நாள் வேந்தராக்கிற்று.

ஊரில் இல்லாத வேந்தர் வழக்கு விசாரிக்கவோ, கூட்டம் கூட்டவோ, பட்டம் வழங்கவோ முடியாது. முன்பும் வேந்தர் வெளியூர் சென்ற நாட்களில் அவருக்குப் பதிலாள் ஒருவர் இருந்ததுண்டு. வேந்தர் எப்போதுமே வெளியூரில் இருக்க, அந்தப் பதிலாள் எப்போதுமே பொறுப்பில் இருப்பவரானார். துணைவேந்தர் என்ற பதவி பிறந்தது இவ்வாறே. பெயர் மாறாமல் பொருள் மட்டும் மாறிய இந்த மாற்றத்தில் ஆசிரியர்களுக்கு ஏற்பட்ட இழப்பு பெரிது: வேந்தரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களிடமே இருந்தது, ஆனால் வேந்தர் வேலை செய்யவில்லை, வேலை செய்த துணைவேந்தரோ வேந்தரின் ஆள். 1564இல் ஆக்ஸ்போர்டு வேந்தரான லெஸ்டர் பிரபு, சில ஆண்டுகளுக்குள் துணைவேந்தரைத் தாமே பெயர் குறித்து நியமிக்கத் தொடங்கினார். பின்னர் வேந்தராக இருந்த பேராயர் வில்லியம் லாட் 1636இல் வகுத்த விதித் தொகுப்பு, கல்லூரித் தலைவர்களின் ஆதிக்கத்தை உறுதிப்படுத்த, அவர்களுள் ஒருவரே துணைவேந்தராவது மரபாயிற்று. கேம்பிரிட்ஜில் 1570ஆம் ஆண்டின் விதிகள் சற்று இடம் விட்டன. கல்லூரித் தலைவர்கள் இருவர் பெயரை முன்மொழிய, ஆசிரியர் பேரவை அவர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு பெயர்களுள் ஒன்று என்ற அளவுக்கு அங்கே தேர்தல் சுருங்கியது.

1836இல் அரச சாசனத்தால் அமைந்த லண்டன் பல்கலைக்கழகம் இந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பின்னிருந்த சங்கத்தை விட்டுவிட்டது. அது கற்பிக்கும் நிறுவனம் அன்று. யூனிவர்சிட்டி கல்லூரி, கிங்ஸ் கல்லூரி போன்ற இடங்களில் பயின்றவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் வாரியம். வேந்தரும் துணைவேந்தரும் உண்டு. 'ஃபெல்லோ' எனப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட 'செனட்' என்ற பேரவை உண்டு. ஆனால் அவ்வுறுப்பினர்களை அமர்த்தியது அரசு. தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய ஆசிரியர் சமூகமோ மாணவர் சமூகமோ அதனுள் இருக்கவில்லை. சென்னைக்கு வந்து சேர்ந்தது இந்த மாதிரியே.

சென்னையில் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை 1839 நவம்பரிலேயே எழுந்திருந்தது. அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் முன்னின்று ஆளுநரிடம் அளித்த அந்த விண்ணப்பத்தில் ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்டிருந்தனர். இந்திய ஆட்சிக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் சார்லஸ் வுட்டின் பெயரால் அறியப்படும் 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் லண்டனைப் பின்பற்றிப் பல்கலைக்கழகங்கள் அமைக்கலாம் என்றது. வேந்தர், துணைவேந்தர் பதவிகள் உயர்நிலையில் உள்ள, கல்வியில் அக்கறை காட்டிய பெருமக்களுக்குரியவை என்றும் அது கருதியது. 1857 செப்டம்பர் 5ஆம் நாள் நிறைவேறிய 27ஆம் சட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. சென்னையின் ஆளுநர் பதவி வழியில் வேந்தர். ஆளுநரும் அவருடைய ஆலோசனைச் சபையும் ஃபெல்லோக்களுள் ஒருவரை இரண்டாண்டுக்குத் துணைவேந்தராக நியமிப்பார்கள். முதல் வேந்தர் ஹாரிஸ் பிரபு. முதல் துணைவேந்தர் அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி கிறிஸ்டோபர் ராலின்சன். கல்கத்தாவிலும் முதல் துணைவேந்தர் தலைமை நீதிபதியான ஜேம்ஸ் கோல்வில்தான். ஊதியமில்லாத இந்தப் பொறுப்பை நீதிபதிகள் தம் நீதிமன்ற வேலைக்கு இடையில் பார்த்துக்கொண்டார்கள். தேர்வுகளும் பட்டமளிப்பு விழாவுமே பல்கலைக்கழகத்தின் பணி என்றிருந்த காலத்தில் அது இயலக்கூடியதாகவும் இருந்தது.

இதில் ஆக்ஸ்போர்டின் வழக்கம் தலைகீழாயிற்று என்பதைக் கவனிக்கவேண்டும். அங்கே ஆசிரியர்கள் தமக்குப் பாதுகாப்புத் தேடி அதிகாரமுள்ளவரை வேந்தராகத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே அதிகாரமுள்ளவர் தம் பதவியாலேயே வேந்தரானார், துணைவேந்தரும் அவருடைய ஆட்சியே அனுப்பியவரானார். 70,000 பேர் கேட்டுப் பெற்ற பல்கலைக்கழகத்தில், அதன் தலைவரைத் தெரிவு செய்வதில் கேட்டவர்களுக்கும் பங்கில்லை, கல்லூரிகளில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கும் பங்கில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் முதல்வர் வில்லியம் மில்லர் 1901இல் துணைவேந்தரானது, வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு அந்தப் பதவி கிடைத்த அரிய நிகழ்வு. 1904இல் உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியரானார்.

அதே ஆண்டில் கர்சன் பிரபு கொண்டுவந்த இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், வாழ்நாள் பதவியாக இருந்த ஃபெல்லோ பதவியை ஐந்தாண்டாகக் குறைத்து, அவர்களின் தொகையை 100க்கு மேற்படாமல் வரையறுத்து, அவர்களுள் 20 பேரை மட்டும் பட்டதாரிகளும் புலங்களும் தேர்ந்தெடுக்க இடம் தந்தது; எஞ்சியவர்களில் மிகப் பெரும்பாலோர் வேந்தரின் நியமனமே. பல்கலைக்கழகம் தானே பேராசிரியர்களை அமர்த்திக் கற்பிக்கலாம் என்ற வழியையும் அச்சட்டம் திறந்தது. அவ்வழியில் 1914இல் இந்திய வரலாறு, தொல்லியல் துறைக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும், 1915இல் இந்தியப் பொருளியலுக்கு கில்பர்ட் ஸ்லேட்டரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களாக வந்தார்கள். 1857இல் சட்டம் இயற்றி அரை நூற்றாண்டுக்கு மேலான பின் பல்கலைக்கழகத்துக்குள் முதன்முறையாக ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக யார் இருக்கவேண்டும் என்ற ஆணை அப்போதும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

(தொடரும்)